அப்பா சித்தப்பா ஆன நாள்

செபமாலையம்மாள் பிரிவதற்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது.

எஸ்டேட்டில் பிரிவது என்றால் யாரும் கண்ணீர் விடுவதில்லை. வயது முடிந்து, கணக்கு வாங்கிக்கொண்டு வேலையை விட்டு வருவதற்கு அங்கே அதுதான் பெயர். மலையாளத்து ஆபீஸ் பேச்சிலிருந்து இறங்கி வந்து தொழிலாளர் லயத்து வாய்களில் ஒட்டிக்கொண்ட சொல். செபமாலையின் கணவர் சூசையப்பன் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. பாக்டரி வாசலில் நிற்க வைத்து, கழுத்தில் மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பி வைத்தார்கள்.

ஒருவர் பிரிந்தால் பரவாயில்லை. கணவன் மனைவி இருவரும் பிரிந்துவிட்டால் லயத்து வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். சூரியநெல்லியில் அவர்களுக்கு வேறு வீடு கிடையாது. வேறு எங்கேயும் கிடையாது.

அதனால்தான் போன வாரம் மகள் டின்சிக்கு வேலை கிடைத்ததாகப் போன் வந்ததும் செபமாலை அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே முழங்காலில் நின்றாள். மலை மேலிருக்கும் பழைய துரை பங்களா இப்போது ஓட்டல். தங்க வருகிறவர்களுக்குத் தோட்டத்துக் கதைகளை எழுதித் தரவும், சாயங்காலத் தேநீரின்போது வாசித்துக் காட்டவும் ஓர் ஆள் வேண்டுமாம். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பெண்ணுக்கு, அதிலும் கெமிஸ்ட்ரி படித்த பெண்ணுக்கு, அது என்ன வேலை என்று சூசையப்பனுக்குப் பிடிபடவில்லை. வேலையோடு இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ் என்றார்கள். அது பிடிபட்டது.

வேலை கிடைத்த நாளிலிருந்து டின்சி சரியாகச் சாப்பிடவில்லை. புது இடத்துப் பயம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அன்று சனிக்கிழமை. டின்சி காலையிலேயே பங்களா வண்டியில் போய்விட்டாள். செபமாலை தேயிலைக் கொழுந்து கிள்ளப் போயிருந்தாள். மகன் ரிஜின் லயத்துக்குக் கீழே ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். கொளுக்குமலைக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகிற ஜீப். சூசையப்பன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் குரல் கேட்டது.

"ஏனுங்க, டின்சிங்க ஊடு இதுதானுங்களா?"

வந்தவனுக்கு முப்பது வயது இருக்கலாம். கழுத்தில் ஓட்டல் அட்டை. ஒரு கையில் ஆப்பிள் பை, மறு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில்.

"நான் கௌசிக்குங்க. பங்களா மேனேஜர். சொந்த ஊரு கொல்லங்கோட்டுப் பக்கமுங்க."

"உள்ள வாங்க சார். உக்காருங்க."

கௌசிக் உட்காரவில்லை. உள் அறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அம்மா தூங்கறாங்களாங்க?"

"இந்நேரத்துக்கு என்ன தூக்கம்? கொழுந்துக்குப் போயிருக்கா."

"இந்த ஒடம்ப வெச்சுட்டா?"

"ஒடம்புக்கு என்ன சார்? நேத்து அந்த மலையிலேயே அவதான் எல்லாரையும்விடக் கூடக் கிள்ளினா."

கௌசிக் ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் பெஞ்சின் மேல் வைத்தான். பிறகு சூசையப்பனை, மாட்டை அடிக்கிறவனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"தப்பா நெனைக்காதீங்க. நீங்க அவங்களுக்கு என்ன வேணுமுங்க?"

சூசையப்பன் வாயைத் திறந்தார்.

"சித்தப்பா," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். ரிஜின், ஈரக் கையோடு, மூச்சு வாங்க நின்றான். "எங்க சித்தப்பா சார். அப்பாவோட தம்பி. அந்தோணி."

சூசையப்பன் திரும்பிப் பார்த்தார். ஜீப் வாங்கக் கையெழுத்துக் கேட்டபோதுகூட மகன் அப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை. திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார்.

கௌசிக்கின் கண் சுவருக்குப் போயிருந்தது. மாதா படத்துக்குப் பக்கத்தில் சூசையப்பன் பிரிந்த அன்று எடுத்த போட்டோ. கழுத்தில் சம்பங்கி மாலை, முகத்தில் சிரிப்பில்லை. கௌசிக் செருப்பை வாசலுக்குத் தள்ளிவிட்டு, படத்துக்கு முன்னால் போய்க் கண்ணை மூடிக் கும்பிட்டான். சூசையப்பன் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அண்ணன் அச்சு உங்களாட்டமே இருக்காருங்க."

"ஒரே வயித்துப் புள்ளைங்கல்ல," என்றான் ரிஜின்.

கௌசிக் படத்தைத் தன் போனில் எடுத்துக்கொண்டான். "இத பெருசு பண்ணி, டின்சி எழுதுனதோட சேத்தி எங்க ஹால்ல மாட்டப் போறோமுங்க. இன்னிக்குச் சாயங்காலமே. ஓனர் மேடம் கொச்சியில இருந்து வந்திருக்காங்க. நீங்கல்லாம் வரோணும். அம்மாவால முடிஞ்சா அம்மாவும்."

"அப்படி என்ன சார் எழுதியிருக்கா?" சூசையப்பன் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா? இங்கிலீசுல இருக்குதுங்க. நான் சொல்றேன், கேளுங்க."

போனைப் பார்த்துப் பார்த்துத் தமிழாக்கிச் சொன்னான்.

"எங்கப்பா ரெண்டு மழைக்கு முன்னால எங்களை உட்டுட்டுப் போயிட்டாரு. டிரையர் சூட்டுல காஞ்ச கை அவரோட கை. அந்தக் கையால என் தலையத் தடவும்போது தேயிலை வாசம் வரும். தெனமும் சாயங்காலம் அடுப்புக்கிட்ட உக்காந்து எனக்கு ஒரு கதை சொல்லுவாரு. அந்தக் கதைங்கதான் அவர் எனக்கு வெச்சுட்டுப் போன சொத்து. இப்ப எங்கம்மாவும் போற நாளை எண்ணிட்டு இருக்கறாங்க. அவங்களும் போயிட்டா இந்த மலையில என் பேரச் சொல்லிக் கூப்பிட யாரு இருக்கா…" கௌசிக் நிறுத்தி, மூக்கை உறிஞ்சினான். "இந்த எடத்துல மேடம் அழுதுட்டாங்க."

சூசையப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

டின்சி பெரிய மனுஷி ஆனபிறகு அவள் தலையை அவர் தொட்டதில்லை. பாக்டரியில் தூள் காயவைக்கும் டிரையர் முன்னால் வருடக்கணக்கில் நின்றவனுக்குத் தேயிலை வாசம் தெரியாது, மூக்கு செத்துப்போயிருக்கும். கதை என்று ஒன்றைக்கூட அவர் யாருக்கும் சொன்னதில்லை. ஆனாலும் அந்தக் கையைப் பற்றிக் கேட்டதும் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். உயிரோடு இருந்தவரைக்கும் அவரைப் பற்றி யாரும் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை.

"நூத்துக்கணக்குல வந்துச்சுங்க," என்றான் கௌசிக். "சொந்தமா எழுதுங்க, மிஷின் எழுதுனது வேண்டாமுன்னு விளம்பரத்துலயே போட்டிருந்தோம். கேக்கறாங்களா? எல்லாம் ஒரே மாவு, ஒரே அச்சு. இது ஒண்ணுதானுங்க மனுசி எழுதுனது. படிச்சாலே தெரியுதில்லீங்க?"

ரிஜின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது கௌசிக் வாசலில் நின்று சொன்னான். "புதுசா வர்றவங்களுக்குக் குவார்ட்டர்ஸ் குடுக்கறதில்லீங்க. அம்மா நெலமைக்காகத்தான் மேடம் ஒத்துக்கிட்டாங்க. அவங்கள வேலைக்கு மட்டும் அனுப்பாதீங்க."

அவன் வண்டி வளைவு திரும்பியது.

"ஏலே."

"ப்பா, நான் சொல்லுதேன்."

"நான் எப்பலே செத்தேன்?"

ரிஜின் கையைச் சட்டையில் துடைத்தான். "அது மிஷின்ப்பா. போன்லயே இருக்கு. நாம விசயத்தைச் சொன்னா அது கோத்து எழுதிக் குடுத்துரும். பாப்பா ஒரு வாரமா எழுதி எழுதிக் கிழிச்சுட்டு இருந்தா. நான்தான் போனை வாங்கிச் சொன்னேன். நம்ம பேச்சுல சொன்னேன். 'அப்பா ரெண்டு வருசம் முந்தி பிரிஞ்சாரு. அம்மா பிரியுற நாளை எண்ணிக்கிட்டு இருக்கா.' அவ்வளவுதான் சொன்னேன்."

"சரியாத்தானே சொல்லியிருக்க?"

"நமக்குச் சரி. அதுக்கு எஸ்டேட் பேச்சு தெரியல. பிரிஞ்சாருன்னா…" ரிஜின் கையால் மேலே காட்டினான்.

சூசையப்பன் கூரையைப் பார்த்தார். "அப்ப உங்கம்மாவும் செத்துட்டாளா?"

"அம்மா சாகல. சாகப் போறா."

சிரிக்க வேண்டிய இடம்தான். இருவருக்கும் வரவில்லை.

"சொந்தமா எழுதணும்னு கேட்டிருக்கான்லே அவன்."

"கேட்டான். ஆனா வேலை கேட்டு வர்ற அபேட்சைய எல்லாம் அங்கயும் மொதல்ல மிஷின்தாம்ப்பா படிக்குது. அதுக்குப் பிடிச்சாத்தான் மனுசன் கைக்கே போகும். பாப்பா எத்தனை எடத்துக்குப் போட்டா, எவனாவது இல்லன்னு ஒரு பதிலாவது போட்டானா? அங்க மிஷின் படிக்கலாம், இங்க மிஷின் எழுதக் கூடாதா?"

சூசையப்பனுக்கு அது நியாயம் மாதிரித்தான் இருந்தது. அந்த நியாயத்துக்கு நடுவில் அவர் செத்துக் கிடந்தார்.

"அனுப்புறதுக்கு முந்தி பாப்பா படிக்கலியா?"

ரிஜின் ஜீப் சாவியை விரலில் மாட்டிச் சுற்றினான். "கடைசி நாளுப்பா அன்னைக்கு. போன்ல ரேஞ்சு வேற வந்து வந்து போச்சு. நான் ஜீப்புக்குப் போற அவசரத்துல அனுப்பு அனுப்புன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். மேடம் போன்ல வருத்தம் சொன்ன பொறவுதான் எனக்கே தெரியும். எல்லாம் என் தப்பு. அவளை ஒண்ணும் கேக்காதீங்க. ஏற்கெனவே சாப்பிடாமக் கெடக்கா."

படிக்கவில்லை. சூசையப்பன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிற பெண் அவள். ரேஷன் கார்டில் அவர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததற்குப் பஞ்சாயத்து ஆபீசுக்கு நாலு முறை நடந்தவள். படித்திருந்தால் அப்பா செத்துக் கிடப்பதைத் தாண்டிப் போயிருப்பாளா?

மத்தியானம் கொழுந்து எடை போட்டுவிட்டு செபமாலை வந்தாள். பெஞ்சில் இருந்த ஆப்பிளில் ஒன்றை எடுத்துச் சேலையில் துடைத்துக் கடித்தாள். "யாரு வாங்கிட்டு வந்தது?"

"சாகப் போறவளுக்கு வந்தது," என்றார் சூசையப்பன்.

ரிஜின் எல்லாவற்றையும் சொன்னான். செபமாலை மெல்லுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"எனக்கு என்ன சீக்காம்?"

"சீக்கு என்னன்னு போடல. நாள் எண்ணுதேன்னு போட்டிருக்கு."

"எண்ணத்தானே செய்யுதேன்."

"நான் சாயங்காலம் வரல," என்றார் சூசையப்பன். "வந்தா உள்ளதைச் சொல்லிருவேன்."

"சொல்லுங்க. சொல்லிட்டு எங்க போய்ப் படுப்பீங்க? கோயில் வராந்தாவிலயா?"

"பொய்யில்லியா செபமாலை?"

"இந்த மலையில நமக்கு மேல உள்ளவன் இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சுவிசேசமா? நம்மகிட்டருந்து ஒரு பொய் போகட்டும்." அவள் ஆப்பிள் காம்பை வெளியே எறிந்தாள். "உங்களை மோசமாவா எழுதியிருக்கு?"

"இல்ல. நல்லவனாத்தான் போட்டிருக்கு. தெனமும் பிள்ளைக்குக் கதை சொல்லுவானாம்."

"அப்ப அது வேற ஆளு. அவன் செத்ததுக்கு நீங்க ஏன் மூஞ்சியத் தூக்குதீங்க?"

அவளே சிரித்தாள். ரிஜினும் சிரித்தான். சூசையப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஆனால் சாயங்காலம் புறப்படும்போது செபமாலை கண்ணாடி முன்னால் அதிக நேரம் நின்றாள். நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாள். பூ வைக்கவில்லை. தாலிச் செயினை ரவிக்கைக்குள் விடப் போனவள், பாதியில் கையை நிறுத்தி, பின்னால் நின்ற கணவனைக் கண்ணாடியிலேயே பார்த்தாள். பிறகு உள்ளே விட்டுக்கொண்டாள். போய் ஜீப்பில் ஏறினாள்.

பங்களாவில் அவளுக்கு ராஜ மரியாதை. கொழுந்து மூட்டையோடு மலை ஏறி இறங்குகிறவளை, மூன்று படி ஏற்றி விட இரண்டு பெண்கள் தோளைப் பிடித்தார்கள். மெத்தை வைத்த நாற்காலி போட்டார்கள். ஒருத்தி வெந்நீர் கொண்டு வந்தாள். "மெதுவாம்மா, மெதுவா," என்றான் கௌசிக்.

ஹாலில் தங்க வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். சுவரில் ஒரு வெள்ளைத் துணி. மேடம் என்கிறவர் வெள்ளைக் கதர்ச் சேலையில் இருந்தார். நல்ல முகம். அதுதான் சூசையப்பனுக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

துணியை விலக்கினார்கள். மாலை போட்ட சூசையப்பன், ஆள் உயரத்துக்கு. கீழே ஆங்கிலத்தில் பெயர். தன் பெயரின் எழுத்துகள் மட்டும் அவருக்கு ஆங்கிலத்தில் அடையாளம் தெரியும். அவர் அங்கே அந்தோணி. பெயரைச் செத்தவன் எடுத்துக்கொண்டான்.

டின்சி வந்தாள். ஓட்டல் கொடுத்த பச்சைக் கரைச் சேலை. அப்பாவைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். அவர் வருவார் என்று அவள் நினைக்கவில்லை போலிருக்கிறது. பிறகு காகிதத்தைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினாள். அவருக்குப் புரிந்தது ஃபாதர், டிரையர் என்கிற இரண்டு வார்த்தைகள்தான். அவை வரும்போதெல்லாம் அவர் நிமிர்ந்தார். ஓரிடத்தில் டின்சியின் குரல் போய்விட்டது. வாயைத் திறந்து திறந்து மூடினாள். வடக்கத்திப் பெண் ஒருத்தி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். மேடம் எழுந்து போய் டின்சியின் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

டின்சி மீதியை வாசித்து முடித்தாள்.

"அனியன்," என்று மேடம் மலையாளத்தில் தொடங்கி, தனக்குத் தெரிந்த தமிழுக்கு மாறினார். "தம்பி. சேட்டனைப் பற்றி நீங்கள் ரெண்டு வார்த்தை பறயணும்."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். செபமாலை முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். ரிஜின் கதவோரம் நின்றான். டின்சி மட்டும் பார்க்கவில்லை.

சூசையப்பன் எழுந்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும். நான்தான் அவன். அதற்குப் பிறகு இருபத்தாறு நாள்.

"எங்கண்ணன் டிரையர்ல நின்னான்," என்றார். "தூள் கருகாமப் பாத்துக்கிட்டான். அது ஒண்ணுதான் அவனுக்குத் தெரியும்."

கௌசிக் அதை ஆங்கிலத்தில் சொன்னான். அவர் சொன்னதைவிட நாலு மடங்கு சொன்னான்.

"கதை கிதை எல்லாம்…" சூசையப்பன் நிறுத்தினார். "பிள்ளைங்ககிட்ட அவனுக்குப் பேசத் தெரியாது. மக படிச்சு முதல் கிளாஸ்ல வந்தப்ப, பாக்டரி முழுக்கச் சொன்னான். வீட்டுல வந்து சொல்லல."

உட்கார்ந்துவிட்டார். கை தட்டினார்கள். அவர் சொன்னதில் அது உண்மை. இத்தனை நாள் அவர் வாயிலிருந்து வராதது. இன்னொருவன் பேரில் வந்துவிட்டது.

தேநீரின்போது மேடம் செபமாலையின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை கார் வரும். கொச்சியில் தெரிந்த டாக்டர் இருக்கிறார். எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிடலாம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, குவார்ட்டர்சில் அம்மாவுக்கு என்னென்ன வசதி வேண்டுமோ செய்து சாவியைக் கொடுத்துவிடலாம்.

"திங்கக்கிழமை எனக்கு வேலை இருக்கே," என்று செபமாலை வாய் தவறிச் சொன்னாள்.

மேடத்தின் கண் நிறைந்தது. "பாருங்கள், இந்த நிலையிலும் வேலை," என்றார் கௌசிக்கிடம்.

சூசையப்பன் வெளியே வந்தார். வண்டி நிறுத்துமிடத்தில் பனிமஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. ரிஜின் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து வருவது போல் நடித்துக்கொண்டே ஜீப்புக்குக் கூட்டிப் போனான். அவள் அவன் விலாவில் இடிப்பது தெரிந்தது.

பின்னால் காலடி கேட்டது. டின்சி ஒரு தட்டில் கட்லெட் வைத்து எடுத்து வந்திருந்தாள்.

"நீங்க ஒண்ணுமே சாப்பிடலயேப்பா."

"அப்பான்னு கூப்பிடாத. சித்தப்பா." அவர் கட்லெட்டை எடுத்துக்கொண்டார். "நல்லா வாசிச்ச. சத்தம்தான் பத்தல."

அவள் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.

"விடு பாப்பா. அண்ணன் சொல்லிட்டான். எனக்கு ஒண்ணும் கோவமில்ல. மிஷினுக்கு நம்ம பேச்சு தெரியல. இவன் அவசரப்பட்டுட்டான். ஆளை உரிச்சுத் தொங்கவிட்டிருப்பேன், வளந்துட்டான்." மகளை எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்குப் பழக்கமில்லாததால் வேகமாகப் பேசினார். "தெனமும் கதை சொல்லுவேனாம்ல. உங்கம்மாவுக்குச் சிரிப்பு தாங்கல. அது வேற ஆளுன்னு சொல்லுதா. திங்கக்கிழமைக்கு என்ன செய்யன்னு யோசிப்போம். காச்சல்னு சொல்லிருவோமா? சாகப் போறவளுக்குக் காச்சல் வரக் கூடாதா என்ன?"

டின்சி சிரிக்கவில்லை.

"நீ ஏன் இப்படி இருக்க? நீ என்ன செஞ்ச? ஒரு தடவை படிச்சிருந்தன்னா அந்த இடத்தை அழிச்சுத் தூரப் போட்டிருப்ப. எனக்குத் தெரியாதா உன்னை?"

"அண்ணனுக்குத் தெரியாதுப்பா."

"என்ன தெரியாது?"

ஹாலுக்குள் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சத்தம் இந்த முறையும் பத்தவில்லை. ஆனால் இது தமிழ். ஒரு வார்த்தை விடாமல் அவருக்குக் கேட்டது.

"நான் படிச்சேன். அண்ணன் ஜீப்புக்குப் போன பொறவு, அனுப்புறதுக்கு முந்தி."

சூசையப்பன் கட்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உடனே மாத்தினேன்ப்பா. நீங்க உயிரோட இருக்கீங்க, வேலை முடிஞ்சு வந்துட்டீங்க, பாத்திரம் தேய்க்கீங்க, எங்ககிட்ட அதிகம் பேச மாட்டீங்கன்னு எல்லாத்தையும் தனியா நானே எழுதினேன். எல்லாம் உள்ளதுதான். எல்லாம் என் வார்த்தைதான்."

"பொறவு?"

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சேன். நீங்க செத்ததுதாம்ப்பா நல்லா இருந்துச்சு. அதை அனுப்பினேன்."